மோட்டார் என்றால் எந்த மோட்டார்? டர்பனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் கோயம்புத்தூர்க்காரன். தொழில், காயில் கட்டுவது. பதினொரு வருஷம் எரிந்துபோன பம்ப்செட்டுகளைப் பிரித்து, கருகிய செம்புக்கம்பியை வெட்டி உருவி, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுத்திருக்கிறேன். மோட்டார் என்ற சொல்லுக்கு எனக்கு யார் அர்த்தம் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்போடுதான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வந்து இறங்கினேன்.

வந்த இரண்டாவது வாரம். கடையில் நான் மட்டும் இருக்கும்போது போன் அடித்தது. பேசியவர் வயதானவர், ஆப்பிரிக்கான்ஸ் என்ற இந்த நாட்டு மொழி பேசுகிறவர். எனக்காக மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: “என் மோட்டார் நின்றுபோய்விட்டது, வந்து பார்க்க முடியுமா?” முடியும் என்றேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எத்தனை எச்.பி.? தெரியாது என்றார். சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வெள்ளைக் கலர்” என்றார்.

அவர் சொன்னது கார்.

இங்கே வேலைக்கு வரும் நம் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு விதத்தில் இது நடக்கிறது. ஒருவன் ஹார்டுவேர் கடையில் மாட்டிக்கொள்கிறான், ஒருவன் பயோடேட்டாவில் மாட்டிக்கொள்கிறான். சொல் ஒன்றுதான், ஆனால் ஆள் மாறினால் பொருள் மாறுகிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இதே வரிசையில் பழகினால் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

முதலில் ஊர் அர்த்தத்தைக் கழற்றி வையுங்கள்

“மோட்டாரைப் போடு” என்று அம்மா சொன்னால் தமிழ்நாட்டில் எந்தக் குழந்தைக்கும் புரியும். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். தோட்டத்தில் மோட்டார் ரூம் என்றால் கிணற்றடியில் இருக்கும் சின்னக் கட்டடம். அதாவது நமக்கு மோட்டார் என்றால் தண்ணீர். சுற்றுகிற பாகம் மோட்டார், தண்ணீரை இழுத்துத் தள்ளுகிற பாகம் பம்ப் என்று தொழில்காரனுக்குத் தெரியும். வீட்டில் யாரும் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை.

டர்பனில் அதே சாமானுக்குப் பெயர் பம்ப். ஹார்டுவேர் கடையில் போய் “வாட்டர் மோட்டார்” என்று கேட்டால் கடைக்காரர் உங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய் எதையாவது காட்டுவார், அது நீங்கள் கேட்டதாக இருக்காது. நீச்சல் குளத்துக்குப் போடுவது பூல் பம்ப். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர்ஹோல் பம்ப். தொட்டியிலிருந்து குழாய்க்கு அழுத்தம் கொடுப்பது பிரஷர் பம்ப் அல்லது பூஸ்டர் பம்ப். அந்தத் தொட்டிக்கு இங்கே ஜோஜோ என்று பெயர். ஒரு கம்பெனியின் பெயர்தான், நம் ஊரில் எல்லா பிளாஸ்டிக் தொட்டியும் சின்டெக்ஸ் ஆனது போல இங்கே எல்லாம் ஜோஜோ. குழாயில் தண்ணீர் நின்றுபோகிற நாட்கள் இந்த ஊரிலும் உண்டு, அதனால் ஜோஜோவும் பூஸ்டர் பம்பும் உங்கள் காதில் அடிக்கடி விழும்.

பம்ப் என்று கேட்டு வாங்கிய பிறகு, அதில் பழுது வந்தால்தான் மோட்டார் என்ற சொல் வெளியே வரும். “பம்ப் ஓகே, மோட்டார் போய்விட்டது” என்றால் தண்ணீர்ப் பக்கம் நன்றாக இருக்கிறது, காயில் பக்கம்தான் கோளாறு என்று பொருள். அந்த வேலைதான் எங்கள் கடைக்கு வரும்.

அப்புறம், அது என்ன தின்கிறது என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. கரண்டைத் தின்று சுற்றினால் மோட்டார். பெட்ரோல், டீசல், நிலக்கரி, எதையாவது எரித்துச் சுற்றினால் இன்ஜின். பூல் பம்பில் இருப்பது மோட்டார், பக்கியில் இருப்பது இன்ஜின். பக்கி என்பது இங்கே பின்னால் திறந்த தொட்டி வைத்த சின்ன லாரிக்குப் பெயர், நம் ஊர்ப் பிக்கப். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்கு இந்த ஒரு விதியே போதும். பத்துக்கு எட்டு முறை சரியாக வரும்.

மீதி இரண்டு முறை ஏன் தவறுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் சொற்களின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். மோட்டார் லத்தீன் சொல். நகர்த்து, அசை என்ற வினையிலிருந்து வந்தது. அதன்படி மோட்டார் என்றால் நகர்த்துகிறவன், அவ்வளவுதான். எதைத் தின்று நகர்த்துகிறான் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதனால்தான் மோட்டார் கார், மோட்டார் பைக், மோட்டார் படகு எல்லாம் பெட்ரோல் குடித்துக்கொண்டே மோட்டார் என்ற பெயரோடு திரிகின்றன. காரில் ஊற்றும் எண்ணெய் டப்பாவில் ஒரு கம்பெனி மோட்டார் ஆயில் என்று போடுகிறது, இன்னொரு கம்பெனி இன்ஜின் ஆயில் என்று போடுகிறது. இரண்டும் ஒன்றே. (எங்கள் கடையில் புதுப்பையன் ஒருவன் மோட்டார் ஆயில் வாங்கி வந்து த்ரீ ஃபேஸ் மோட்டாரின் பேரிங்கில் விடப் போனான். அங்கே வைப்பது கிரீஸ். தடுத்துவிட்டோம்.)

இன்ஜின் வந்த வழி வேறு. அதுவும் லத்தீன்தான், ஆனால் அங்கே மூலச்சொல்லுக்குப் பொருள் பிறவி அறிவு, சாமர்த்தியம். சாமர்த்தியம் என்பது சாமர்த்தியமாகச் செய்த கருவியாகி, கோட்டையை உடைக்கும் யுத்தக் கருவியாகி, விலங்கு பிடிக்கும் கண்ணியாகி, கடைசியில் நீராவியில் ஓடும் இன்ஜினாக ஆனது. கண்ணிக்கும் இன்ஜினுக்கும் என்ன உறவு என்று ஆச்சரியப்பட வேண்டாம், தமிழிலும் அதே கதைதான். எலிப்பொறியும் பொறி, பொறியாளர் படிப்பதும் பொறி. சாமர்த்தியமான கருவி எதுவானாலும் நமக்குப் பொறிதான். போதாக்குறைக்கு, பொறி என்றால் தீப்பொறியும்கூட. பெட்ரோல் இன்ஜினுக்குள் ஸ்பார்க் பிளக் பொறி விட்டால்தான் அந்தப் பொறி ஓடும். டீசலுக்கு அது வேண்டாம், காற்றை அழுத்துகிற சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினுக்குப் பொறி என்று பேர் வைத்தவருக்கு இது தெரிந்திருந்ததோ இல்லையோ, பொருத்தம் கச்சிதம்.

மோட்டாருக்கு நேர்த் தமிழும் நம்மிடம் இருக்கிறது. உந்து. தனியாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஆனால் பேருந்து என்று தினமும் சொல்கிறோம். மகிழுந்து, தானுந்து எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். கரண்டில் ஓடுவதற்குப் பாடப்புத்தகம் மின்மோட்டார் என்றே சொல்லி நிறுத்திக்கொள்கிறது. கரண்ட் கொடுத்தால் சுற்றுவது மின்மோட்டார், சுற்றிவிட்டால் கரண்ட் கொடுப்பது மின்னியற்றி. இரண்டுக்கும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே சாமான்தான்: காந்தம், கம்பிச் சுருள், நடுவில் தண்டு. கடைகளில் ஜெனரேட்டர் என்று விற்கிற பெட்டியில் ஒரு இன்ஜின் ஒரு ஆல்டர்னேட்டரை, அதாவது மின்னியற்றியை, சுற்றுகிறது. அதைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர் “மோட்டார் போச்சு” என்று சொன்னால் நம்பாதீர்கள். அதற்குள் மோட்டாரே இல்லாமலும் இருக்கலாம். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற சின்ன ஜெனரேட்டரில் உண்மையிலேயே இல்லை.

சொல்கிறவர் யார் என்று கேளுங்கள்

இதுதான் நம் ஊரில் வராத சிக்கல். ஒரே தெருவில் மூன்று மொழிக்காரர்கள் ஒரே சொல்லை மூன்று விதமாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கான்ஸில் மோட்டர் என்றால் அன்றாடப் பேச்சில் கார். கார் நிறுத்தும் வீட்டுக் கொட்டகை மோட்டர்ஹேய்ஸ், அதாவது மோட்டார் வீடு. லாரிக்கு ஃப்ராக்மோட்டர், சரக்கு மோட்டார். மோட்டார் சைக்கிளுக்கு மோட்டர்ஃபீட்ஸ். உள்ளே ஓடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் என்ஜின் என்பார்கள். என்னிடம் பேசிய பெரியவர் தவறாகச் சொல்லவில்லை, தன் மொழிச் சொல்லை ஆங்கிலத்துக்குள் அப்படியே கொண்டுவந்துவிட்டார். சிரிப்பதற்கு நமக்கும் உரிமை இல்லை. என் தாத்தா பஸ்ஸையும் காரையும் மோட்டார் என்றுதான் சொன்னார். “மோட்டார் ஏறி டவுனுக்குப் போனேன்” என்பார். அந்த மோட்டார் நம் ஊரில் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது, ஆப்பிரிக்கான்ஸில் இன்னும் ரோட்டில் ஓடுகிறது.

ஜூலுவிலும் அப்படியே: இமோட்டோ என்றால் கார், இஸிமோட்டோ என்றால் கார்கள். முன்னால் ஒட்டுப் போட்டுப் பன்மை ஆக்குவது அந்த மொழியின் வழக்கம். இன்ஜினுக்கு இன்ஜினி. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் கடன் வாங்காமல் இசிதுதுது என்று வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போதே வண்டிச் சத்தம் வருகிறது. கடையில் என்னோடு வேலை செய்கிற ஜூலுக்காரர் அந்தச் சொல்லைக் கைப்பிடியை முறுக்கிக் காட்டிக்கொண்டேதான் கற்றுக்கொடுத்தார். எனக்கு இங்கே மிகவும் பிடித்த சொல் இதுதான்.

மூன்றாவது, டர்பன் தமிழர்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் இவர்களில் பலர். பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டதே 1886-இல்தான். தென்னாப்பிரிக்காவில் முதல் காரைப் பிரிட்டோரியாவில் ஜனாதிபதி குரூகருக்கு ஓட்டிக் காட்டியது 1897 ஜனவரியில். அதனால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த முதல் ஆட்கள் இந்தச் சொல்லை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்க முடியாது. இங்கே வந்த பிறகுதான், இங்கிருந்த ஆங்கிலத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். கோயிலிலும், பாட்டிலும், அடுப்படியிலும், உறவுமுறையிலும் தமிழ் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பக்கத்து வீட்டு ஆயா என்னைத் தம்பி என்று கூப்பிடுவார், அடுத்த சொல் ஆங்கிலமாக இருக்கும். அவர் மோட்டார் என்றால் அது காரும் இல்லை, பம்பும் இல்லை. அது கேட் மோட்டார்.

கேட் மோட்டார்

டர்பனில் வீடு பார்த்தீர்களென்றால் மதில், மதிலில் ஒரு தள்ளு கேட், கேட்டின் ஓரம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அந்தப் பெட்டிதான் கேட் மோட்டார். ரிமோட்டை அழுத்தினால் கேட் தானாக நகரும். ராத்திரி கார் வெளியே நிற்கக் கூடாது, கேட்டைத் திறக்க யாரும் இறங்கவும் கூடாது என்பதுதான் காரணம். இந்த ஊரில் ஒரு வீட்டுக்காரருக்கு இதைவிட முக்கியமான மோட்டார் கிடையாது.

பெட்டிக்குள் மோட்டார் ஒரு சின்னப் பாகம்தான். அதோடு கியர்பாக்ஸ், சர்க்யூட் போர்டு, ஒரு பேட்டரி. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பல்சக்கரம் கேட்டின் அடியில் ஓடும் பற்சட்டத்தைக் கடித்து நகர்த்துகிறது. ஆனாலும் முழுப் பெட்டிக்கும் பெயர் மோட்டார். யோசித்துப் பார்த்தால் நாமும் அதையேதான் செய்தோம். பம்ப்செட் முழுவதையும் மோட்டார் என்றோம். எந்தச் சாமான் ஓடாவிட்டால் வீடே நின்றுபோகுமோ அதற்கு மோட்டார் என்று பெயர் விழுந்துவிடுகிறது. நமக்கு அது தண்ணீர், ஆப்பிரிக்கான்ஸ்காரருக்குப் பயணம், டர்பன் ஆயாவுக்குப் பூட்டு.

“தம்பி, மோட்டார் டெட்” என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தால் என்ன செய்வது? உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். பெட்டியில் ஒரு சாவித் துவாரமும் நெம்புகோலும் இருக்கும். சாவி போட்டுத் திருப்பினால் பல்சக்கரம் விடுபட்டு, கேட் கையால் தள்ளினால் நகரும். அந்தச் சாவி எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அதனால் வாடகைக்கு வீடு எடுக்கும் அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். கனமாக இருந்தால் கோளாறு மோட்டாரில் இல்லை, கேட்டின் சக்கரத்திலோ தண்டவாளத்தில் கிடக்கும் கல்லிலோ இருக்கிறது. லேசாக நகர்ந்தால் அடுத்து பேட்டரி. 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் 11-க்குக் கீழே காட்டினால் அதன் காலம் முடிந்தது. 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை கரண்ட் போய்வந்து, இந்தப் பேட்டரிகளைக் கொன்றே தீர்த்தது. மின்வெட்டுக்கு இங்கே லோட் ஷெடிங் என்று பெயர்.

பேட்டரியும் நன்றாக இருந்தால், மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறங்கள். பாதி நேரம் உள்ளே எறும்பு. போர்டின் சூடு அதற்குப் பிடித்திருக்கிறது, கூடு கட்டி முட்டையும் வைத்திருக்கும். சில சமயம் பல்லி இரண்டு முனைக்கு நடுவில் படுத்துச் செத்திருக்கும். ஆயா வீட்டில் நான் கண்டது பல்லி. பிரஷ்ஷால் துடைத்து, வாலை எடுத்துப் போட்டு மூடினேன், கேட் ஓடியது. கேட் பாதியில் நின்று திரும்பி வந்தால், இரண்டு தூணிலும் எதிரெதிரே இருக்கும் பீம் என்ற சின்னக் கண்ணாடிகளைத் துடையுங்கள். சிலந்தி வலை போதும் அதை ஏமாற்ற. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த கேட் மோட்டார் புகார்களில் உண்மையிலேயே மோட்டார் எரிந்தது மிகக் குறைவு.

இன்னொன்று: இந்தப் பெட்டியையே கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதற்கென்றே இரும்புக் கூண்டு விற்கிறார்கள். வாங்கிப் போடுங்கள்.

ஒட்டி நிற்கிற சொல்லைப் பாருங்கள்

மோட்டார் தனியாக வந்தால்தான் குழப்பம். பக்கத்தில் இன்னொரு சொல் வந்தால் பாதி தெளிந்துவிடும். முன்னால் ஒரு பொருள் நின்றால், கேட் மோட்டார், வைப்பர் மோட்டார், ஸ்டார்ட்டர் மோட்டார், ஃபேன் மோட்டார் என்றால், பெரும்பாலும் கரண்டில் ஓடுவது. மோட்டார் முன்னால் நின்று பின்னால் வேறு சொல் வந்தால், மோட்டார் ஸ்பேர்ஸ், மோட்டார் இன்ஷூரன்ஸ், மோட்டார் லைசென்சிங், மோட்டார் டீலர் என்றால், அது வண்டி. நான் இதை எங்கும் படிக்கவில்லை, பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. இதுவரை பெரிதாக ஏமாற்றவில்லை.

ஏமாறக் கூடாத இடம் பயோடேட்டா. காயில் கட்டுகிறவர்கள் “மோட்டார் மெக்கானிக்” என்று எழுதி அனுப்புகிறார்கள். இங்கே மோட்டார் மெக்கானிக் என்றால் கார் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பார்க்கிறவர். அதற்குத் தனித் தேர்வு, பாஸ் செய்தால் ரெட் சீல் என்பார்கள். டீசல் மெக்கானிக் வேறு தொழில், ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேறு தொழில். நம்முடையதற்கு இங்கே பெயர் ஆர்மச்சர் வைண்டர். அந்த இரண்டு சொல்லை எழுதாவிட்டால் உங்கள் பயோடேட்டா தவறான மேஜைக்குத்தான் போகும். அதேபோல், வீட்டு வயரிங்கைத் தொட இங்கே பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனுக்கு மட்டும்தான் உரிமை, வேலை முடிந்ததும் சி.ஓ.சி. என்ற சான்று அவர் தர வேண்டும். மோட்டாரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துவந்து பழுது பாருங்கள், வீட்டின் ஃபியூஸ், ஸ்விட்ச் எல்லாம் இருக்கும் டி.பி. போர்டில் கை வைக்காதீர்கள்.

மோட்டார் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் தேர்ட் பார்ட்டி இல்லாமல் வண்டி ஓட்டினால் சட்டப்படி குற்றம். இங்கே சொந்தக் காருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. பெட்ரோல், டீசல் விலையோடு பிடிக்கிற பணத்திலிருந்து விபத்து நிதி ஒன்று நடக்கிறது, அது உடலுக்கு வந்த காயத்துக்கு மட்டும் ஈடு கொடுக்கும். நசுங்கிய வண்டிக்குக் கொடுக்காது. கட்டாயம் இல்லை என்று சொன்ன நண்பனை நம்பி சும்மா விட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனையில் வரும் மோட்டார் தனி. குழந்தையை கிளினிக்கில் காட்டும்போது நர்ஸ் மோட்டார் ஸ்கில்ஸ் என்பார். குழந்தை தலை நிமிர்த்துவது, தவழ்வது, விரலால் பொட்டுக்கடலையைப் பொறுக்குவது, அந்த அசைவுத் திறன்கள். மோட்டார் நரம்பு என்றால் மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகிற இயக்க நரம்பு. இங்கே மட்டும்தான் லத்தீன் அர்த்தம் மாறாமல் இருக்கிறது: நகர்த்துவது.

இன்ஜின் இருக்கிற எல்லா இடத்திலும் மோட்டாரைப் போட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். ரயில் இன்ஜின், தீயணைப்பு இன்ஜின், தேடுபொறி, இவற்றை ஆங்கிலத்தில் மோட்டார் என்று சொல்ல மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தேடுபொறியைத் தேடும் மோட்டார் என்றே சொல்கிறார்கள், அது அவர்கள் பாடு. ஜெர்மன்காரர்களுக்கும் இன்ஜின் என்றால் மோட்டார்தான். பி.எம்.டபிள்யூ. என்ற பெயரில் நடு எழுத்து அதுதான், பவேரியா மோட்டார் தொழிற்சாலை. மெஷின் என்பது எல்லாவற்றுக்கும் பொது. தையல் மெஷினும் மெஷின், பணம் எடுப்பதும் மெஷின், எதையும் நகர்த்த வேண்டிய அவசியம் இல்லை.

தகடு பொய் சொல்லாது

வார்த்தையில் சந்தேகம் வந்தால் நான் தகட்டைத் துடைத்துப் பார்ப்பேன். மோட்டாரின் தோளில் ஆணி அடித்த சின்னத் தகடு. அதில் ஒரே ஒரு எண் நம் ஊர்க்காரனைக் கவிழ்க்கும்: 7.5.

ஊரில் எல்லாம் எச்.பி., இங்கே எல்லாம் கிலோவாட். ஒரு எச்.பி. 746 வாட். 5 எச்.பி. என்றால் 3.7 கிலோவாட், 7.5 எச்.பி. என்றால் 5.5 கிலோவாட், 10 எச்.பி. என்றால் 7.5 கிலோவாட். பிரச்சினை புரிகிறதா? 7.5 என்ற எண் இரண்டு ஊரிலும் பழக்கமான எண், ஆனால் வேறு வேறு மோட்டார். இங்கே 7.5 என்று தகட்டில் இருப்பதை ஊர் ஞாபகத்தில் 7.5 எச்.பி. என்று எடுத்துக்கொண்டு ஓவர்லோடை (கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயை) வைத்தால், லோடு ஏறும்போதெல்லாம் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். நீங்கள் மோட்டாரைக் குறை சொல்வீர்கள். எச்.பி.யில் முக்கால் பங்கு கிலோவாட் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வோல்ட். 230/400 என்று இருந்தால், இங்குள்ள 400 வோல்ட் த்ரீ ஃபேஸுக்கு ஸ்டாரில்தான் கட்ட வேண்டும் (ஸ்டார், டெல்டா என்பவை மூன்று காயில்களின் முனைகளை இணைக்கும் இரண்டு முறைகள்). 400/690 என்று இருந்தால் டெல்டா. ஊர்ப் பழக்கத்தில் பார்க்காமல் டெல்டா போட்டால், 230/400 மோட்டார் சில நிமிஷத்தில் வார்னிஷ் வாடை வீசிப் புகைந்துவிடும். அந்த வாடை எனக்குச் சோறு போட்டது என்றாலும், உங்கள் கையால் வர வேண்டாம்.

வேகம் பற்றிக் கவலை இல்லை. இங்கும் 50 ஹெர்ட்ஸ், நம் ஊரிலும் 50. அதனால் 1440 என்றால் நாலு போல் (காந்த முனை), 2880 என்றால் ரெண்டு போல், எல்லாம் ஊரில் இருப்பது மாதிரியே. 1750 என்று தகட்டில் இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து வந்த மெஷின், இங்கே மெதுவாகத்தான் சுற்றும்.

போனில் கோளாறு கேட்பது

கடைசியாக, காதுக்கு வேலை. கரண்ட் மோட்டார் என்றால் வாடிக்கையாளர் மூன்றில் ஒன்றைச் சொல்வார். “ஹம்” என்கிறது, சுற்றவில்லை: சிங்கிள் ஃபேஸாக இருந்தால் முதலில் கெபாசிட்டர். எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகிறது: உள்ளே ஈரம் அல்லது இன்சுலேஷன் போய்விட்டது, இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் முங்கிய மோட்டார்கள் போல என்றால் கழுவி, அடுப்பில் வைத்துக் காயவைத்த பிறகுதான் கரண்டே கொடுக்கலாம். மூன்றாவது, வாடை வந்தது, புகை வந்தது. அதற்குக் கேள்வி தேவையில்லை.

வண்டி என்றால் இங்கே இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: ஸ்விங், டேக். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் “கிர்ர் கிர்ர்” என்று சுற்றுவது ஸ்விங். பற்றிக்கொண்டு ஓடுவது டேக். “ஸ்விங் ஆகிறது, டேக் ஆகவில்லை” என்றால் பெட்ரோல் வரவில்லை அல்லது ஸ்பார்க் இல்லை, மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். “ஸ்விங்கே ஆகவில்லை, டிக் என்று ஒரு சத்தம்” என்றால் பேட்டரி அல்லது ஸ்டார்ட்டர். அது ஆட்டோ எலக்ட்ரிக் வேலை, எங்கள் கடையும் பார்க்கும்.

அந்த வெள்ளைக் கலர் மோட்டார் இரண்டாவது வகை. முதலாளி வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பேட்டரி நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தால், கார்பன் பிரஷ் இரண்டும் அடிவரை தேய்ந்து, ஆர்மச்சரில் ஒரு காயில் கருகியிருந்தது. ராத்திரி உட்கார்ந்து அதை நானே கட்டினேன். டர்பனில் நான் கட்டிய முதல் காயில் அது. மறுநாள் பெரியவரிடம் எத்தனை கிலோவாட் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் சாவியைத் திருப்பினார், முதல் ஸ்விங்கிலேயே டேக் ஆகிவிட்டது. சொல்லவில்லை.